தாலந்து: தராசிலிருந்து திறமை வரை

நன்றாகப் பாடும் பிள்ளையைப் பார்த்து, 'கடவுள் கொடுத்த தாலந்து' என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கம். தாலந்து என்றால் திறமை என்றே பலரும் எண்ணுகிறோம். மத்தேயு நற்செய்தி எழுதப்பட்ட காலத்தில் அச்சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. அன்று அது நிறையின் பெயர். அந்த நிறையளவு வெள்ளியின் பெயர்.

கிரேக்கத் 'தாலந்தோன்' முதலில் தராசைக் குறித்தது. தாங்குதல், தூக்குதல் என்னும் பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்த சொல் அது. சமஸ்கிருதத் 'துலா'வும் அதே வேரில் வந்தது என்பர் மொழியியலார். அந்தத் துலாவைத்தான் நாம் துலாக்கோல் என்றும் துலாம் என்றும் வழங்குகிறோம். ஆக, தாலந்தும் துலாமும் ஒரு குடும்பத்துச் சொற்கள். வளர்ந்த விதமும் ஒன்றே. துலாம் என்பது நூறு பலம் நிறைக்குப் பெயரானதுபோல, தாலந்தோனும் நிறைக்குப் பெயராகி, பிறகு பணத்துக்கும் பெயரானது. ஏதென்ஸ் வழக்கில் ஒரு தாலந்து சுமார் 26 கிலோ. பணமாகச் சொன்னால் 6,000 திராக்மா.

இயேசுவின் காலத்தில் ரோமரின் தெனாரியம் ஏறத்தாழ திராக்மாவுக்குச் சமம். திராட்சத் தோட்ட உவமையில் வேலையாள் ஒருவனுக்குப் பேசிய நாள்கூலி ஒரு தெனாரியம். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும், ஒரு தாலந்து சேர்க்க 20 ஆண்டுக் கூலி முழுவதும் வேண்டும்.

இந்தக் கணக்கோடு மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஊழியன் ஒருவன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து தந்த வருமானம் ஆண்டுக்கு 200 தாலந்து என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ். அப்படியானால் அந்தக் கடன், அவ்விரு நாடுகளின் 50 ஆண்டு வருமானம்! அதை மன்னிக்கப் பெற்றவன்தான் 100 தெனாரியத்துக்காகத் தன் உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். இரண்டு கடனுக்கும் இடையே ஆறு லட்சம் மடங்கு வித்தியாசம். நிறை தெரியாமல் படித்தால் உவமையின் உயிரே போய்விடுகிறது.

25ஆம் அதிகாரத்தில் எசமான் ஒருவன் தன் ஊழியர் மூவருக்கு ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளைப் பங்கிடுகிறான். அவனவன் திறமைக்கு ஏற்பவே கொடுத்தான் என்று நற்செய்தியே சொல்கிறது. அங்கே திறமைக்கு வரும் கிரேக்கச் சொல் 'துனாமிஸ்'. தாலந்து வேறு, திறமை வேறு. ஒரு தாலந்து பெற்றவனும் 20 ஆண்டுக் கூலியைக் கையில் வாங்கியவன், ஏதுமற்றவன் அல்லன். அவன் அதை மண்ணில் புதைத்ததும் அக்காலத்தார்க்குப் புதுமையல்ல. பணத்துக்கு மண்ணைவிடப் பாதுகாப்பான இடமில்லை என்ற கருத்து யூதரின் பிற்கால நூலான தல்மூதிலும் உண்டு. நம் கொங்கு வட்டாரத்தில் கிடைத்த, ரோமப் பேரரசர்கள் அகஸ்து, திபேரியு காலத் தெனாரியங்களும் பெரும்பாலும் புதையல்களாகவே வெளிப்பட்டன. ஆகவே ஊரார் கண்ணுக்கு அந்த ஊழியன் எச்சரிக்கைக்காரன். காசுக்காரரிடம் போட்டு வட்டியாவது வாங்கியிருக்கலாமே என்று எசமான் அவனையே கடிந்துகொண்டதுதான் கேட்டவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும்.

தாலந்தைத் தேவன் அருளிய வரமாக விளக்கிய பிரசங்க மரபிலிருந்தே அதற்குத் திறமைப் பொருள் வந்தது. ஆங்கிலத்தில் 'டேலன்ட்' அப்பொருளில் வேரூன்றியது 15ஆம் நூற்றாண்டு வாக்கில். தமிழ் வேதாகமம் கிரேக்கச் சொல்லை ஒலி மாற்றி வைத்துக்கொண்டது. அதன்மேல் இந்தப் புதுப்பொருளும் வந்து ஏறிக்கொண்டது.

பாடும் வரத்தைத் தாலந்து என்பதில் தவறில்லை; அது உவமை பெற்ற பிள்ளை. ஆனால் நற்செய்தியைத் திறக்கும்போது முதலில் வெள்ளியை நிறுத்துப் பாருங்கள். எத்தனை பெரிய தொகையை நம்பி ஒப்படைத்தார்கள் என்பது விளங்கிய பிறகே, அதற்குக் கணக்குக் கேட்டதன் நியாயம் விளங்கும்.