சறுக்கலைத் தடுக்கும் நுட்பத்தின் வரலாறு

புக்கிட் பெருந்துங் வழியே செல்லும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில், மழைநாளில் மகிழுந்து சறுக்கினால் ஓட்டுநரால் ஒரு சக்கரத்திற்கு மட்டும் பிரேக் இட இயலாது. மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு அதனைச் செய்கிறது.

இந்நுட்பம் படிப்படியாக வளர்ந்ததை நாம் காண்கிறோம். 1978இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம், சக்கரங்களின் வேகத்தை அளந்து அவை பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்கை அளித்தது. 1986இல், வீணே சுழலும் சக்கரத்தை அடக்கும் இழுவைக் கட்டுப்பாடு வந்தது. 1995இல், ஓட்டுநர் திருப்பும் திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிடும் உணரிகள் சேர்ந்தன. வளைவில் வண்டியின் பின்புறம் வழுக்கினால் வெளிப்புற முன்சக்கரத்திற்கும், முன்புறம் நழுவினால் உட்புறப் பின்சக்கரத்திற்கும் பிரேக் தானே விழும். எஞ்சின் விசையும் குறையும்.

முதலில் இது விலையுயர்ந்த மெர்சிடிஸ் வண்டிக்கே கிட்டியது. 1997இல் சுவீடனில் நடந்த சோதனையில் சிறிய ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன்பின் அவ்வகை முழுமைக்கும் இது பொருத்தப்பட்டது. நம் ரவாங் வட்டாரத்தில் உருவாகும் பெரோடுவா மைவியின் எல்லா வகைகளுக்கும் 2017இல் வந்தது. செல்வரின் பாதுகாப்பு எளியோரை அடைய 22 ஆண்டுகள் சென்றன.

பழைய மகிழுந்துகள் பலவற்றில் இஃது இன்றும் இல்லை. இருப்பினும், டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பை இந்நுட்பம் பகிர்ந்தளிக்குமேயன்றிப் புதிதாகப் படைக்காது. தேய்ந்த டயரை மாற்றுவதும் வேகத்தைக் குறைப்பதும் என்றும் நம் கடமையே.