ரயில் நின்ற கோடை

பஞ்சாபின் பதிண்டா நிலையத்துக்கு இரவில் வரும் ஒரு பாசஞ்சர் வண்டியை அந்தப் பக்கத்து மக்கள் கான்சர் ரயில் என்றே சொல்லிவந்தார்கள். அபோகரிலிருந்து ஜோத்பூருக்குப் போகும் வண்டி அது. மால்வா பகுதியின் பருத்திக்காட்டு விவசாயிகள் போர்வையும் ஸ்கேன் உறையுமாக அதில் ஏறுவார்கள். விடியும்போது ராஜஸ்தானின் பிகானேரில் இறங்குவார்கள். அங்கே ஆசார்ய துளசி புற்றுநோய் மருத்துவமனையில் செலவு குறைவு. புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணமும் இல்லை. 2020 மார்ச் 22-ம் தேதி கோவிட் பரவலால் நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டபோது இந்த வண்டியும் நின்றது.

1853-ல் பம்பாயிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியதிலிருந்து, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ரயில்கள் இப்படி நின்றதில்லை. வண்டிகள் நிற்பதற்கு இரண்டு நாள் முன்புதான் ரயில்வே பெரும்பாலான கட்டணச் சலுகைகளை நிறுத்தியது. நோயாளிகள், மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மட்டும் சலுகை தொடரும் என்று அறிவித்திருந்தது. நோயாளிக்குச் சலுகை மிஞ்சியது. ஏறுவதற்கு வண்டி இல்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நேர்ந்ததைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கிருமியில் தொடங்குகிறார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை வழித்தடத்தில் தொடங்குவதே சரி. இங்கே புற்றுநோய் மருத்துவம் முளைத்த விதமே நோயாளியை ஊர்விட்டு ஊர் வரவழைக்கும் விதமாக அமைந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் புற்றுநோய்க்கு அறுவை, ரேடியம், எக்ஸ்-கதிர் ஆகியவை தவிர வேறு வழி அதிகம் இல்லை. ரேடியத்தை மில்லிகிராம் கணக்கில் வாங்கிப் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. அதை வாங்கும் வசதி ஓரிரு பெருநகரங்களுக்கே இருந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-ல் வந்தது. பம்பாயின் மெஹர்பாய் டாடா 1931-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அந்தக் குடும்பத்தின் அறக்கட்டளை பரேலில் கட்டிய டாடா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்டது.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் இழப்பு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்தத் துயரத்தை முத்துலட்சுமி முப்பது ஆண்டுகள் சுமந்து ஒரு மருத்துவமனையாக்கினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளுடன் அது திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாளை அங்கேயே கழித்தார்கள். 1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி கொடையாக வந்து சேர்ந்தது. இவ்வளவு சின்ன இடத்துக்கு அவ்வளவு பெரிய கருவி வந்தது அன்றைக்குச் சாதாரண காரியமல்ல.

ஆனால் கோபால்ட்டை ஊருக்கு ஒன்றாக வைத்துவிட முடியாது. ஐந்து ஆண்டுகளும் சில மாதங்களும் போனால் அதன் வீரியம் பாதியாகிவிடும். மூலத்தை மாற்றியாக வேண்டும். கதிர் வெளியே கசியாமல் தடிமனான கான்கிரீட் சுவர் வேண்டும். கதிர் அளவைக் கணக்கிட இயற்பியலாளர் வேண்டும். நோயாளிகள் பேச்சில் 'கரண்டு வைக்கிறது' என்று வழங்கும் அந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதுமில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் போகும். நடுவில் விட்டால் கெட்டது: கருப்பைவாய்ப் புற்றுக்கு மொத்தக் கதிர்வீச்சும் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்பது மருத்துவர்கள் கறாராகப் பார்க்கும் கணக்கு.

எனவே சிகிச்சைக்கு வருகிறவர் குடும்பத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மேல் தங்கும் ஏற்பாட்டோடு வர வேண்டியிருந்தது. பரேலுக்குப் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் தாதரின் காட்கே மகராஜ் தர்மசாலையில் தங்கினார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் மருத்துவமனைக்கு எதிரே நடைபாதையில் படுத்தார்கள். ரயில், சத்திரம், இலவசச் சாப்பாடு போடும் கை ஆகியவையும் மருந்தைப் போலவே இந்தச் சிகிச்சையின் பகுதிகள். எந்த மருத்துவமனைக் கணக்கிலும் இவை ஏறவில்லை. அதனால்தான் 2020 மார்ச்சில் இவை ஒரே வாரத்தில் அற்றுப்போனபோது, கருவிகள் எல்லாம் ஓடும் நிலையில் இருந்தும் சிகிச்சை தடுமாறியது.

எவ்வளவு தடுமாறியது என்பதற்கு நல்ல கணக்கு உண்டு. தேசியப் புற்றுநோய் வலையமைப்பைச் சேர்ந்த 41 மையங்கள் 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டன. லான்செட் ஆன்காலஜி இதழில் அது வெளிவந்தது. புதிதாகப் பதிந்தவர்கள் 1,12,270 பேரிலிருந்து 51,760 ஆகக் குறைந்தார்கள். பெரிய அறுவைசிகிச்சைகள் பாதியாகின. வெளிநோயாளியாக வந்து கீமோ ஏற்றிக்கொண்டவர்கள் 37 விழுக்காடு குறைந்தார்கள். கதிர்வீச்சு 23 விழுக்காடுதான் குறைந்தது. ஏற்கெனவே வந்து தங்கியிருந்தவர்கள் பாதியில் எழுந்து போக முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். பெருநகர மையங்களில்தான் வீழ்ச்சி அதிகம். தொலைதூரத்து நோயாளிகளை நம்பியிருந்த இடங்கள் அவை. பெரும்பாலான மையங்களில் முன்கூட்டிய பரிசோதனைகள் அடியோடு நின்றன, அல்லது பெயரளவுக்கு நடந்தன.

வராமல்போன அந்த அறுபதாயிரம் பேருக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சிலர், தெரியாமலே இருந்தவர்கள் பலர்.

வழியை மீறி வந்தவர்களும் உண்டு. அந்த மார்ச் இறுதியில் கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோயால் வாடிய மனைவியைச் சைக்கிளில் உட்கார வைத்து, விழுந்துவிடாமல் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, புதுச்சேரி ஜிப்மருக்கு மிதித்தார். தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். மனைவிக்குக் கீமோவுக்கான தவணை வந்திருந்தது. மருத்துவர்கள் சிகிச்சை கொடுத்து, மருந்தும் கொடுத்து, ஆம்புலன்சில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பத்திரிகைகள் இதைக் கணவனின் அன்புக் கதையாக எழுதின. அன்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் மிதித்த சாலையில் முந்தின வாரம் வரை பேருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அந்தக் கதையில் சேர வேண்டும்.

மருத்துவர்களின் பயத்துக்கும் காரணம் இருந்தது. பிப்ரவரியில் சீனாவிலிருந்து வந்த முதல் அறிக்கை, 1,590 கோவிட் நோயாளிகளில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்ததாகவும் அவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது. பதினெட்டுப் பேரை வைத்து உலகம் முழுவதும் கீமோவைத் தள்ளிப்போடலாமா என்ற பேச்சு எழுந்தது. மே மாதம் பிரிட்டனிலிருந்து 800 புற்றுநோயாளிகளின் விவரம் வந்தது. வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, முந்திய நான்கு வாரத்தில் கீமோ எடுத்ததால் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை. கிருமியின் ஆபத்து தெளிவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டில் தாமதத்தின் ஆபத்தும் எண்ணாக வந்தது: சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 13 விழுக்காடு வரை கூடுகிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் நவம்பரில் வெளியிட்டது.

இந்த எண்கள் வருமுன்பே பரேல் தன் முடிவை எடுத்துவிட்டிருந்தது. மார்ச் 23 முதல் ஏப்ரல் இறுதிவரை டாடா மருத்துவமனையில் 494 புற்றுநோய் அறுவைசிகிச்சைகள் நடந்தன. அறுவைக்குப் பிறகு ஆறு பேருக்குக் கோவிட் கண்டது. ஒருவரும் இறக்கவில்லை. மும்பை நாட்டிலேயே கடுமையாகத் தாக்கப்பட்டிருந்த வாரங்கள் அவை. கதவைச் சாத்திக்கொள்வதற்கு எல்லா நியாயமும் இருந்த நேரத்தில் திறந்து வைத்தவர்களை வரலாறு தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தற்செயலாக வந்து உதவியதும் ஒன்று உண்டு. பிரிட்டனில் பல ஆண்டுகளாக நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வின் முடிவு ஏப்ரல் 28-ல் வெளியானது. ஆரம்பநிலை மார்பகப் புற்றுக்கு அறுவைக்குப் பின் மூன்று வாரத்தில் பதினைந்து தடவை கொடுத்த கதிர்வீச்சை, ஒரே வாரத்தில் ஐந்து தடவையாகக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்றது அது. வாடகை அறையில் தங்கும் குடும்பத்துக்கு இரண்டு வாரச் செலவு மிச்சமாகும் சேதி.

தெற்கே வழி வேறு விதமாகத் திறந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு, 1981-ல் அது தொடங்கிய காலத்திலிருந்தே, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் போய்வருவது வழக்கம். நாகர்கோவில்காரருக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். எல்லை மூடப்பட்டதும் அவர்கள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கேரளத்தில் தீயணைப்புத் துறையினர் மருந்துகளை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். மாவட்ட மருத்துவமனைகளில் கீமோ தொடர்ந்தது. தமிழகப் பக்கத்து நோயாளிகளுக்குக் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியில், திருவனந்தபுரத்து மருத்துவர்களின் ஆலோசனையோடு தொடர்சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று.

அந்த ஏற்பாட்டுக்குப் புதிய கட்டடம் எழவில்லை, புதிய கருவி வரவில்லை. அந்த மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்தில் ஏற்கெனவே இருந்தது. ஊசி ஏற்றத் தெரிந்த செவிலியர்கள் இருந்தார்கள். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே தொலைபேசியும் இருந்தது. கதிர்வீச்சுக்குக் கான்கிரீட் சுவர் தேவை, ஒப்புக்கொள்ளலாம். கீமோவின் அடுத்த தவணைக்கும் ஆறு மாதச் செக்கப்புக்கும் அந்தச் சுவர் தேவையில்லை. அதற்காகவும் நோயாளிகள் அத்தனை ஆண்டுகள் விடியற்காலைப் பேருந்தில் நின்றுகொண்டே எல்லை தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள்.