விலங்குகளின் இதயநோயைக் கண்டறியும் பயிற்சி

நாய், பூனை, குதிரை, மாடு முதலிய விலங்குகளுக்கு வரும் இதயநோயை உடல் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ (மீயொலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) ஆகியவற்றின் துணையோடு இனங்காணக் கால்நடை மருத்துவர்களுக்குக் கற்பிப்பது இப்பயிற்சி. படபடப்பு, நெஞ்சடைப்பு என்று விலங்கு வாய்விட்டுச் சொல்லாது. “இருமுது, ரெண்டு தெரு நடந்தா உட்கார்ந்துடுது” என்று வளர்ப்பவர் சொல்வதை வைத்தே மருத்துவர் தொடங்க வேண்டும். ஆகவே கருவிகளுக்கு முன்பு காதையும் கையையும் பழக்குவதே இத்துறையில் முதல் பாடம்.

ஸ்டெதஸ்கோப்பை 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் உருவாக்கினார். விலங்குகளின் இதயநோய் தனித் துறையாக வளர்ந்ததோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் டெட்வைலரும் டொனால்ட் பேட்டர்சனும் ஆயிரக்கணக்கான நாய்களைப் பரிசோதித்து, எந்த இதயநோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை 1965-இல் வெளியிட்டனர். பிறவிக் குறைகளில் சில குறிப்பிட்ட நாய் இனங்களில் பரம்பரையாக வருகின்றன என்பதைப் பேட்டர்சன் பின்னர் நிறுவினார். நாயின் இனத்தைக் கேட்டதுமே இன்னின்ன நோய்கள் இருக்கலாம் என்று மருத்துவர் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்தது.

நாயின் இதயத்தைக் கேட்பதற்கு இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. இடப்பக்கத்தில் மூன்றாம் விலா இடைவெளியில் நுரையீரல் தமனி வால்வையும், நான்காவதில் பெருந்தமனி வால்வையும், ஐந்தாவதில் மைட்ரல் வால்வையும் கேட்கலாம். டிரைகஸ்பிட் வால்வுக்கு வலப்பக்கம் போக வேண்டும். வால்வு சரியாக மூடாதபோதும், இரத்தம் குறுகிய வழியே பாயும்போதும் எழும் முணுமுணுப்பு 1 முதல் 6 வரை தரப்படுத்தப்படுகிறது. அதிர்வு கையிலேயே தட்டுப்பட்டால் அது 5 அல்லது 6. கேட்கும்போதே மறுகை தொடையின் உட்புற நாடியில் இருக்க வேண்டும். துடிப்பு காதில் விழுந்தும் நாடி எழவில்லையென்றால் இதயத் தாளத்தில் கோளாறு இருக்கிறது. அதேசமயம், நலமான நாயின் துடிப்பு மூச்சை உள்ளிழுக்கும்போது விரைந்து, வெளிவிடும்போது தளர்வது இயல்பு. புதியவர்கள் பலர் இதையே நோயென்று எண்ணிவிடுவார்கள். பூனை கர்ரென்று உறுமிக்கொண்டிருந்தால் இதய ஒலி எதுவும் கேட்காது. பக்கத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டால் பெரும்பாலும் உறுமலை நிறுத்திவிடும்.

கேட்கும் இடம் ஏன் முக்கியம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய தமனி நாளம் மூடாமல் நின்றுவிடும் பிறவிக் குறை. அதன் ஒலி துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியின்றி, இயந்திரம் ஓடுவதுபோல் தொடர்ந்து கேட்கும். ஆனால் சில குட்டிகளில் அது இடது முன்னங்காலின் அக்குள் மட்டத்தில், உயரத்தில் மட்டுமே கேட்கும். முதல் தடுப்பூசிக்கு வந்த குட்டியின் நெஞ்சில் வழக்கமான ஓரிடத்தில் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்துவிடுபவர் அதைத் தவறவிடுவார். உரிய காலத்தில் நாளத்தை அடைத்தால் பெரும்பாலான குட்டிகள் முழு ஆயுள் வாழும். தவறவிட்டால் பல குட்டிகள் சிறுவயதிலேயே இதயச் செயலிழப்பால் இறக்கும். இவ்வளவு பெரிய வேறுபாடு ஸ்டெதஸ்கோப்பை நான்கு விரற்கடை மேலே நகர்த்துவதில் அடங்கியிருப்பதால், கற்பிப்பவர்கள் இதை எத்தனை முறை வலியுறுத்தினாலும் தகும்.

பதிவுசெய்த ஒலிகளும் செயற்கைப் பயிற்சி உருவங்களும் இப்போது வகுப்பறைகளில் உள்ளன. தொடக்கத்துக்கு அவை உதவும். ஆனால் காது தேறுவது, கேட்டதை எழுதிவைத்து, அதே விலங்கின் எக்கோவை அன்றே பார்த்துத் தன் கணிப்பைச் சரிபார்க்கும்போதுதான். சரிபார்க்கப்படாத பயிற்சி தவறையும் சேர்த்தே பழக்கிவிடுகிறது.

நாய்களில் மிகுதியாகக் காணப்படும் இதயநோய், முதுமையில் மைட்ரல் வால்வு தடித்துக் கசியும் நோய். சிறிய இனங்களில் இது அதிகம். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலில் இளமையிலேயே தொடங்குவதுண்டு. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய நெறிமுறை இந்நோயை ஏ, பி1, பி2, சி, டி எனப் படிநிலைப்படுத்துகிறது. 2016-இல் வெளியான எபிக் ஆய்வு, இதயம் பெரிதாகியும் அறிகுறி தோன்றாத பி2 நாய்களுக்குப் பிமோபெண்டான் என்ற மருந்தைக் கொடுத்தால் இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போகிறது என்று காட்டியது. எனவே இதயம் பெரிதாகிவிட்டதா என்பதைத் துல்லியமாக அளப்பது சிகிச்சையைத் தொடங்குவதற்கான முடிவாகவே ஆகிவிட்டது. எக்கோ இல்லாத மருத்துவமனையில் இதற்கு எக்ஸ்ரேயே கைகொடுக்கும். கால்நடை மருத்துவர் ஜேம்ஸ் புக்கனன் 1995-இல் அறிமுகப்படுத்திய முறைப்படி, இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் நான்காம் மார்பு முள்ளெலும்பிலிருந்து எண்ணி, முள்ளெலும்புக் கணக்கில் கூட்டுகிறார்கள். பொதுவாகக் கூட்டுத்தொகை 10.5-ஐத் தாண்டினால் இதயம் பெரிதாகியிருக்கலாம். இனத்துக்கு இனம் இயல்பளவு மாறும் என்பதையும் இதோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

பூனையிடம் காதை மட்டும் நம்ப முடியாது. முணுமுணுப்பு கேட்கும் பூனைகள் பலவற்றின் இதயம் நலமாக இருக்கும்; இதயத் தசை தடித்த பூனை எந்த ஒலியும் தராமல் ஏமாற்றும். கீழறைச் சுவர் விரிநிலையில் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் தடிப்பு என்பது வழக்கமான அளவுகோல். எனினும் உயர் இரத்த அழுத்தமும் தைராய்டு மிகையும் சுவரைத் தடிக்கச் செய்யும். நீரிழப்பும் தடித்ததுபோல் காட்டும். 1987-இல் கால்நடை மருத்துவர் பால் பியானும் குழுவினரும் பூனைகளின் விரிந்த இதய நோய்க்கு உணவில் டாரின் என்ற சத்து குறைவதே காரணம் என்று கண்டறிந்து, அதைக் கொடுத்து இதயத்தை மீட்டதும் இத்துறையின் பெரும் பாடம்: பூனை என்ன சாப்பிடுகிறது என்று கேட்பதும் இதயப் பரிசோதனையின் பகுதியே.

நலமான குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 முறை துடிக்கும். இடையில் ஒரு துடிப்பு விடுபடுவதும் உண்டு. சிறிது ஓடவிட்டதும் அந்த இடைவெளி மறைந்தால் கவலையில்லை. மாட்டிலோ பெரும்பாலும் தேட வேண்டியது வேறு. தீவனத்தோடு விழுங்கிய கம்பியோ ஆணியோ இரண்டாம் இரைப்பையைத் துளைத்து, உதரவிதானம் கடந்து இதய உறையில் குத்திச் சீழ் பிடிக்கச் செய்யும். அலைதாடியில் நீர்வீக்கம், புடைத்த கழுத்துச் சிரை, மங்கிய துடிப்போடு சளக்சளக் என்ற ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் நோயைக் கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம். அதற்குள் நோய் முற்றியிருக்கும் என்பதால், முதுகை வளைத்து முனகும் தொடக்க நிலையிலேயே ஐயுறக் கற்பது மேல்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதய நிபுணராக, பட்டத்துக்குப் பின் பொதுவாக மூன்றாண்டு உறைவிடப் பயிற்சியும் தேர்வும் தேவை. பொது மருத்துவர்களுக்கு இடது மேலறை பெரிதா, இதய உறையில் நீர் உள்ளதா, கீழறை நன்கு சுருங்குகிறதா என்ற சில கேள்விகளோடு நிற்கும் குறுகிய எக்கோ பயிற்சிகள் உள்ளன. இவற்றோடு, வளர்ப்பவருக்குக் கற்றுக்கொடுக்கவும் மருத்துவர் பழக வேண்டும். இதயநோயுள்ள நாய் தூங்கும்போது நெஞ்சு ஏறியிறங்குவதை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லலாம். எண்ணிக்கை தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், அன்றே அழைத்துவர வேண்டும்.