கொள்ளைநோய் தணிந்த காலத்துக் கோவையும் பீளமேடும்

கோயம்புத்தூர் நகரின் மக்கள்தொகை 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 53,080 ஆக இருந்து, 1911 மார்ச் மாதக் கணக்கில் 47,007 ஆகக் குறைந்தது. அடுத்து 1921இல் 65,788 ஆகவும், 1931இல் 95,198 ஆகவும் உயர்ந்தது. முதல் பத்தாண்டின் வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் பிளேக் என்னும் கொள்ளைநோய். எலிகளிடையே பரவி, அவை மடிந்தபின் அவற்றின் உடலை விட்டு வெளியேறும் தெள்ளுப்பூச்சிகளின் கடியால் மனிதரைத் தொற்றும் இந்நோய், 1896இல் பம்பாயில் வெளிப்பட்டு, 1898இல் பெங்களூரைத் தாக்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கு நாட்டுக்குள் நுழைந்தது. ஆனால் இந்த நான்கு எண்களில் வீழ்ச்சியைவிட வியப்புக்குரியது அதன்பின் வந்த ஏற்றமேயாகும். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளூயன்ஸா காய்ச்சல் கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதால் இந்தியாவின் மொத்த மக்கள்தொகையே சற்றுக் குறைந்துபோன அதே 1911–1921 பத்தாண்டில், பிளேக் இன்னும் முற்றாக ஒழியாத கோவை நகரம் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு பெருகியது. நோய் தணியத் தொடங்கும்போது ஓர் ஊரின் மனநிலை எப்படி மாறுகிறது, அது எத்திசையில் நகர்கிறது என்று ஆராய்வோர்க்குக் கோவையும், அதன் கிழக்கே அவிநாசி சாலையில் அமைந்த பீளமேடும் நல்ல சான்றுகளாகும்.

1911ஆம் ஆண்டு எண்ணைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. அக்காலக் கணக்கெடுப்பு குறிப்பிட்ட ஓர் இரவில் ஊருக்குள் இருந்தவர்களை எண்ணுவது. ஆகவே குறைந்துபோன ஆறாயிரம் பேரில் இறந்தவர்களும் உண்டு, ஊரை விட்டு விலகிப் போயிருந்தவர்களும் உண்டு. பிளேக் குளிர்காலத்தில் மூண்டு, கோடை முதிர முதிர அடங்குவது வழக்கமாதலால், மார்ச் மாதம் என்பது போனவர்கள் பலர் திரும்பியிராத மாதம். கடும் வெப்பமும் வறட்சியும் தெள்ளுப்பூச்சிக்கு ஒவ்வாதவை. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் கோவையின் மிதமான குளிரோ அதற்கு ஏற்றது. கொழும்பு நகராட்சியில் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த ஃபேபியன் ஹிர்ஸ்ட், சென்னை நகரின் எலிகளில் பெரும்பாலும் காணப்பட்டது நோயைக் கடத்துவதில் திறன் குறைந்த வேறொரு தெள்ளு இனமே என்று காட்டி, சென்னை தப்பியதற்கு அதைக் காரணமாக முன்வைத்தார். மாகாணத்தின் தலைநகரம் பெருமளவு தப்பித்திருக்க உள்நாட்டு மேட்டு நகரங்கள் ஆண்டுதோறும் அடிபட்டதற்குத் தட்பவெப்பத்தோடு இந்த வேறுபாட்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்தப் பருவச் சுழற்சி சமூக மனநிலையில் ஒரு தனிப்பட்ட தன்மையை உண்டாக்கியிருக்க வேண்டும். பிளேக் ஒரு முறை வந்து ஒரு முறை போன நோயன்று. சித்திரையில் தணிந்து, மார்கழியில் மறுபடி தலைகாட்டக்கூடியது. அவ்வாறு ஆண்டுதோறும் தணியும் ஒன்றைத் தீர்ந்துவிட்டதாகக் கொண்டாட எவரும் துணியமாட்டார்கள். மாறாக, அடுத்த குளிருக்குள் எங்கே இருப்பது என்ற கணக்கே முந்திக்கொள்ளும். சென்னை மாகாண அரசு வகுத்த கட்டுப்பாடுகளும் இடம்பெயர்வையே முதன்மையாகக் கொண்டவை. நோய் கண்ட வீட்டை விட்டு வெளியேறி ஊருக்கு அப்பால் கீற்றுக் கொட்டகைகளில் தங்குவது, வீட்டின் கூரை ஓட்டைப் பிரித்து வெயில் படவிடுவது, தொற்றுள்ள பகுதியிலிருந்து ரயிலில் வருவோர்க்குப் பாஸ்போர்ட் எனப்பட்ட சீட்டுக் கொடுத்துப் பத்து நாள் அவர்களைப் போய்ச்சேர்ந்த ஊரில் கண்காணிப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பம்பாயிலும் புனேயிலும் இத்தகைய நடவடிக்கைகள் கடும் எதிர்ப்பை மூட்டின. கொங்கு நாட்டில் வெளியேறுதல் அவ்வளவு அந்நியமாகத் தோன்றியிராது என்று கருத இடமுண்டு. ஏனெனில் கிணற்றுப் பாசன நிலமாகிய தோட்டத்தின் நடுவே, சாளை எனப்படும் சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு தனித்து வாழ்வது இப்பகுதி வேளாண் குடிகளின் நெடுநாள் வழக்கம். உறவில் யாருக்கேனும் ஒரு தோட்டத்துச் சாளை இருந்தால் நகரத்துக் குடும்பத்துக்குப் போக்கிடம் கிடைத்தது. அது இல்லாத கூலிக்காரர்களுக்குக் கொட்டகைதான் மிஞ்சியது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

சமயப் பழக்கம் இதற்கு நேர் எதிரான திசையில் இயங்கியது. கொங்கு நாட்டு மாரியம்மன் நோன்பில், மூன்று கிளையுள்ள மரத்தைக் கம்பமாக நட்டு, அதை அம்மனின் கணவனாகக் கொண்டு நீர் ஊற்றி, கையில் காப்புக் கட்டியபின், ஊரார் விழா முடியும் வரை வெளியூரில் இரவு தங்குவதில்லை என்பது விதி. அரசாணை ஊரை விட்டுப் போகச் சொன்னது. காப்போ ஊரிலேயே இருக்கச் சொன்னது. அம்மை நோயின் தெய்வமாகிய மாரி, அந்நோயைத் தருபவளாகவும் தணிப்பவளாகவும் கருதப்பட்டவள். முன் அறியாத புதிய நோய் ஒன்று வந்தபோது மக்கள் புதுத் தெய்வத்தைத் தேடிப் போகாமல், அவளுக்கே அந்நோயின் ஆங்கிலப் பெயரை முன்னொட்டாகச் சூட்டினர். கோவையில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அவ்வாறு எழுந்தவை. நோய் நீங்கியபின் அத்தெய்வத்தை வழியனுப்பாமல் ஊருக்குள்ளேயே நிறுத்திக்கொண்டது கவனிக்கத்தக்கது. தணிந்த நோய் திரும்பும் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது.

நகராட்சியின் பார்வை வேறு. ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி ஆகியவற்றைச் சுற்றி, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் தானியக் கிடங்குகளும் பஞ்சுக் கிடங்குகளும் நெருங்கிய பழைய நகரம் எலிக்கு உகந்த இடமாக இருந்தது. பெங்களூரில் 1898 பிளேக்கின் விளைவாக மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு அமைக்கப்பட்டதைப் போலவே, கோவையிலும் பழைய நகருக்கு வடமேற்கே நேர்க்கோட்டுத் தெருக்களும் இடைவெளியுள்ள மனைகளும் கொண்ட விரிவுப் பகுதி உருவாயிற்று. நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அது இரத்தினசபாபதிபுரம் ஆகி, பின்னர் ஆர். எஸ். புரம் என்று சுருங்கியது. குடிநீர் பற்றிய கோரிக்கையும் இக்காலத்தில் வலுப்பெற்றது. கிணறுகளையும் நொய்யல் குளங்களையும் நம்பியிருந்த நகருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சிறுவாணி நீரைக் கொண்டுவரலாம் என்பதைக் கோவை இதழாளர் சே. ப. நரசிம்மலு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தியிருந்தார். திட்டம் நிறைவேறியதோ 1920களின் இறுதியில்தான். பிளேக் நீரால் பரவுவதன்று. ஆயினும் நோயச்சம் வளர்த்த சுகாதார உணர்வு, நோய்க்கு நேர்த் தொடர்பில்லாத இத்தகைய தேவைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இன்று கோவையின் அடையாளமாகப் பேசப்படும் சிறுவாணித் தண்ணீரின் வரலாற்றில் இப்பங்கு போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை.

மேற்கே நகரம் விரிந்தது வீடுகளுக்காக. கிழக்கே விரிந்தது தொழிலுக்காக. பீளமேடு அப்போது பருத்தியும் சோளமும் விளைந்த சிற்றூர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நாயுடு வேளாண் குடும்பங்கள் அங்கே நிலமும் பஞ்சு வணிகமும் கொண்டிருந்தன. பிளேக் பரவிய அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் அறிமுகமான கம்போடியா பருத்தி, கிணற்றுப் பாசனத்தில் நீண்ட இழையோடு விளைந்து, கோவை விவசாயியின் கையில் ரொக்கத்தைச் சேர்த்தது. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்லூரி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டதும், 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே நிறுவப்பட்டதும், 1910இல் குப்புசாமி நாயுடு பாப்பநாயக்கன்பாளையத்தில் லட்சுமி ஆலையைத் தொடங்கியதும் நோய் ஓயாத காலத்திலேதான். கொள்ளைநோய் முடிந்தபின் வளர்ச்சி தொடங்கிற்று என்று வரிசைப்படுத்துவது எழுதுவோர்க்கு வசதியானது, ஆனால் உண்மைக்குப் பொருந்தாதது. இரண்டும் அருகருகே நடந்தன. நோய் தணிந்தபோது வெளிப்பட்டது முன்பே வேர்விட்டிருந்த வளர்ச்சிதான்.

1920களில் பீளமேட்டில் ரங்க விலாஸ் முதலிய ஆலைகள் எழுந்தன. 1924இல் சர்வஜன உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் தந்தையின் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கி, 1926இல் பி. எஸ். ஜி. அறநிலையத்தை நிறுவினர். தருமத்தையும் ஓர் உடன்பிறப்பாக எண்ணிய பாகப்பிரிவினை என்று ஊரார் இதைச் சொல்வதுண்டு. அவ்வாண்டே தொழிற்பயிற்சியோடு இயந்திர உற்பத்தியையும் மேற்கொண்ட தொழிற்கூடம் ஒன்றும் அதன்கீழ் அமைந்தது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோது, ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் ஒருங்கே பெருகி, அவிநாசி சாலை தொழிற்சாலைச் சாலையாயிற்று. இவற்றையெல்லாம் பிளேக்கின் விளைவு என்று கூறுவது மிகை. பஞ்சு விலையும் முதல் உலகப்போர்க்காலத் தேவையும் மின்சாரமும் இல்லாமல் இவை நடந்திரா. நெருக்கமான பழைய நகரத்தை மையமாகக் கொண்டு வாழ்வதே நகர வாழ்க்கை என்ற எண்ணத்தைத் தளர்த்தி, ஐந்தாறு கல் தொலைவிலுள்ள திறந்த வெளியில் பணத்தையும் குடும்பத்தையும் நிறுத்துவதை இயல்பாக்கியதே நோயின் பங்கு.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து வந்த கொரோனா பெருந்தொற்று, பீளமேட்டை ஊரோரத்தில் காணவில்லை. விமான நிலையமும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் டைடல் பூங்காவும் கொண்ட நகர மையம் ஒன்றாகவே கண்டது. பிளேக் காலத்தில் நோய் கண்ட வீட்டைக் காலிசெய்தனர். 2020இல் அத்தகைய வீட்டின் வாசலில் தகரம் அடித்து உள்ளேயே இருக்கச் செய்தனர். பாஸ்போர்ட் சீட்டின் இடத்தை இ-பாஸ் பிடித்துக்கொண்டது. கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கத்துக்கு உரிய, கொடிசியா என்று அழைக்கப்படும் பீளமேட்டு வணிகக் கண்காட்சி வளாகம், இயந்திரங்களைக் காட்சிக்கு வைக்கும் அரங்குகளில் கட்டில்களை வரிசையாக இட்டுச் சிகிச்சை மையமானது. இரண்டாம் அலையில், 2021 மே மாத இறுதியில், நாள்தோறும் பதிவான புதிய தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையே முந்தியது. ஜூன் 7 முதல் பிற மாவட்டங்களுக்குத் தளர்வுகள் கிடைத்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அவை குறைவாகவே வழங்கப்பட்டன. மேற்கு மாவட்டங்களில் இது சுகாதாரச் செய்தியாக மட்டும் நில்லாமல், அரசியல் மனக்குறையாகவும் பேசப்பட்டது.

தெய்வ வழிபாட்டில் பழைய முறை அப்படியே திரும்பியது. பீளமேட்டுக்குக் கிழக்கே உள்ள இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் 2021 மே மாதம் கொரோனா தேவிக்குக் கருங்கல் சிலை அமைத்து, 48 நாள் வேள்வி நடத்தினர். பிளேக் மாரியம்மனையே அவர்கள் முன்னுதாரணமாகக் காட்டினர். நகைத்தவர்கள் பலர். ஆனால் அவ்வழிபாடு ஆய்வாளர்க்குக் காட்டுவது அறியாமையை அன்று, நூறாண்டுக்கு முந்தைய நோய் ஒன்றை ஊர் நினைவில் வைத்திருந்த முறையைத்தான். நகராட்சிப் பதிவேடுகளைவிடக் கோயில் பெயர் அந்நினைவை உறுதியாகக் காத்திருந்தது.

பிளேக் தணிந்தபோது உருவான போக்குகள் பெரும்பாலும் பொதுவானவை: தெரு, குழாய், பள்ளி. கொரோனா தணிந்தபோது உருவானவை குடும்பத்துக்குள் அடங்கியவை: வீட்டில் ஓர் அறையை அலுவலகமாக்குதல், சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றியவர்கள் ஊர் திரும்பி அங்கிருந்தே வேலையைத் தொடர்தல், ஐம்பது பேரோடு முடித்த திருமணத்துக்கு ஓராண்டு கழித்து விருந்து வைத்தல். பொதுவான முயற்சியே இல்லை என்பதன்று. தனியார் பள்ளிகளிலிருந்து அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் பெருமளவில் மாறியதும், 2021 அக்டோபரில் மாநில அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் அதற்குச் சான்று. எனினும் ஆர். எஸ். புரத்துக்கும் சிறுவாணிக்கும் ஒப்பாக, இந்நோயின் நினைவோடு எழுந்தது என்று சுட்டத்தக்க நிலையான அமைப்பு கோவையில் எதுவும் உருவாகவில்லை.

தொழிற்கூடங்களின் மனநிலையைத் தீர்மானித்தவை ஆளும் விலையுமே. 2020 மே மாதம் சிறப்பு ரயில்களில் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்பிய தொழிலாளர் இல்லாமல், பவுண்டரி எனப்படும் வார்ப்படச் சாலைகளும் பம்புசெட்டுத் தொழிற்கூடங்களும் முடங்கின. சில நிறுவனங்கள் பேருந்து அனுப்பி அவர்களை அழைத்துவந்தன. 2021 இறுதியில் ஆர்டர்கள் மீண்டபோது இரும்பும் செம்பும் விலையேறி, பெரிய ஆலைகளுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஜாப் ஆர்டர் குறுந்தொழில் முனைவோர் மூலப்பொருள் விலையைக் கண்டித்துக் கடையடைத்தனர். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போது மூன்றாம் அலை நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது, ஆயினும் போராட்டத்தின் பேச்சு தொற்றைப் பற்றியதாக இல்லை. அவ்வாண்டு மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள் இரண்டு நாள் கதவடைத்தன. உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடிநிலை முடிந்ததென அறிவித்தது 2023 மே 5ஆம் நாள். கோவையின் ஆலைகளிலும் தறிக்கூடங்களிலும் கொரோனா செய்தித்தாளின் உட்பக்கத்துக்குப் போய் ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.