செஞ்சியின் களஞ்சியமும் சந்தையும்

இத்தாலிய தேசத்து உணவுப் பண்டங்களுக்கென்றே தனி அங்காடிகள் இப்போது உலகத்தின் பெருநகரங்களில் திறந்திருக்கின்றன. பாலாடைக்கட்டியையும் ஒலிவ எண்ணெயையும் உலர்ந்த தக்காளியையும் நகைக்கடையில் ஆபரணங்களை வைப்பதுபோல் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி வைத்திருக்க, வாங்குவதற்கு வருகிறவர்களைக் காட்டிலும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களே அங்கு அதிகம் என்று சொல்லுகிறார்கள். தூரதேசத்துச் சரக்கு என்ற ஒரே காரணத்தால் ஒரு பண்டத்துக்கு உண்டாகும் இந்த மகிமை நமக்குப் புதிதன்று. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்துகள் சிறிது நேரம் நின்றுவிட்டுப் புறப்படும் செஞ்சியும், ஒரு காலத்தில் சமுத்திரக் கரையிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் பண்டங்கள் வந்து குவிந்த ராஜதானியாகத்தான் விளங்கிற்று.

அந்தக் காலத்தின் வைபவத்தை நேரில் கண்டு எழுதி வைத்தவர்களுள் முக்கியமானவர், இயேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமெந்தா என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார். 16-ம் நூற்றாண்டின் முடிவில், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சியில் இங்கு வந்த அவர், இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களுள் இதுவே பெரிது என்றும், லிஸ்பன் ஒன்று நீங்கலாகத் தம் நாட்டு நகரம் எதுவும் இதற்கு நிகராகாது என்றும் எழுதினார். பட்டுக் கம்பளத்தில் திண்டுகளின்மேல் சாய்ந்து, முத்தும் மணியும் இழைத்த நீண்ட சங்கிலி மார்பில் தவழ வீற்றிருந்த நாயக்கர், விருந்தாளிகளுக்கு வெற்றிலை கொடுக்கச் செய்தார். அவர்கள் அதை மெல்லாமல் வைத்திருந்ததைக் கண்டு பெரிதும் ஆச்சரியப்பட்டார். அரண்மனை மரியாதைகளிலேயே உயர்ந்ததொன்று பயன்படாமல் கையில் கிடந்து வாடுவதைப் பார்த்தால் எந்த மன்னருக்குத்தான் வியப்பு உண்டாகாது! ஆயினும் நாயக்கர் கோபங்கொள்ளவில்லை. பொன்னிழையிட்ட வஸ்திரங்களைப் பரிசளித்தே அவர்களை அனுப்பி வைத்தார்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இன்று இத்தாலியச் சமையலுக்கு ஜீவன் என்று கருதப்படும் தக்காளி, நாயக்கர் காலத்தில் இத்தாலியருக்கே புதுச் சரக்காக இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதனை மத்தியோலி என்ற வைத்தியர் 1544-ல்தான் தம் நூலில் வர்ணித்தார். நம் சமையலறையில் சர்வாதிகாரம் செலுத்தும் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்து சேர்ந்ததே. புராதனமாக நம்மிடமிருந்தது மிளகு. அதை வாங்கத்தான் வெனிஸ் நகரத்து வணிகர்கள் அலெக்சாண்டிரியாவின் துறைமுகத்தில் காத்துக் கிடந்தார்கள்.

எனினும் செஞ்சியின் பலம் வாசனைத் திரவியத்தில் இல்லை, நெல்லில் இருந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த இக்கோட்டையைப் பார்க்கச் செல்பவர்கள், கல்யாண மகாலின் அடுக்குகளை அண்ணாந்து பார்த்த வேகத்தில், ராஜகிரியின் அடிவாரத்திலுள்ள களஞ்சியங்களைக் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். பருத்த சுவர்களின்மேல் வளைந்த கூரையைத் தாங்கி நிற்கும் அக்கட்டடங்களில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது யாதொன்றும் இல்லை. கிருஷ்ணகிரியின்மேலும் களஞ்சியங்கள் உண்டு; எண்ணெயையும் நெய்யையும் சேமித்து வைப்பதற்கென்று கிணறுபோல் கட்டிய தொட்டிகளும் உண்டு. என் அபிப்பிராயத்தில், கோட்டையின் மதில்களைவிட இவையே அதன் சரித்திரத்தை உள்ளபடி சொல்பவை.

அதற்குச் சாட்சி 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகை. சிவாஜியின் குமாரர் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் சேனாதிபதி சுல்பிகர் கான் வெளியே பாளயமிறங்கினான். பசியால் வாடிக் கோட்டை பணிந்துவிடும் என்பது மொகலாயர் கணக்கு. ஆனால் 1692-ன் இறுதியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராத்தியத் தளபதிகள் வந்து தானியம் வரும் பாதைகளை அடைத்துக்கொள்ளவே, பசி மொகலாயர் பாளயத்தில் புகுந்தது. தானியம் தேடி வந்தவாசிக்குப் போன சுல்பிகர் கான், மூட்டைகளுடன் திரும்பும் வழியில் தேசூரருகே சந்தாஜியின் படையிடம் அகப்பட்டுப் பெரும்பாடுபட்டே பாளயம் வந்து சேர்ந்தான். தளபதி தல்பத் ராவின் பரிவாரத்தில் இருந்த பீம்சேன் இந்த அவதியைப் பாரசீக மொழியில் எழுதி வைத்திருக்கிறான். முடிவில் சேனை முழுவதும் முற்றுகையை விட்டு வந்தவாசிக்கே பின்வாங்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் வந்து 1698-ல் கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார்.

அந்த யுத்தத்தின் செய்திகளைச் சென்னையில் இருந்துகொண்டு சேகரித்தவன் ஓர் இத்தாலியனே: வெனிஸில் 1638-ல் பிறந்த நிக்கோலாவ் மனுச்சி. வைத்தியமும் தூதும் அவனுடைய தொழில்கள். செஞ்சி முற்றுகையில் பங்குகொண்டு பின்பு கர்நாடகத்தின் நவாபாக அதிகாரம் செலுத்திய தாவூத் கான் சென்னையை நெருக்கியபோது, ஆங்கிலேயருக்காகப் பேசப் போனவன் அவன். தாவூத் கானுக்கு ஐரோப்பிய மதுவகைகளில் இருந்த பிரியம் பிரசித்தமானது. சீமைச் சரக்கின் கவர்ச்சிக்கு அன்றைய உதாரணம் அது.

பின்னர் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா 1714-ல் மாண்ட கதையைத் தமிழ்நாடு அறியும். நவாபின் தலைநகரம் ஆர்க்காட்டுக்குப் போனபின் பேட்டைகள் பாழடைந்தன. 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தார்கள். வேங்கடரமணர் கோயில் தூண்கள் சில புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தன.

ராஜ்யங்கள் போனபின்பும் நெல் போகவில்லை. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால், சாக்குகளின் வாயை அவிழ்த்துவிட்டு நிற்கும் விவசாயிகளுக்கு நடுவே, வியாபாரி ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஓர் அரிசியைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கும் காட்சியைக் காணலாம். பொன்னி நெல்லுக்கு அவன் எழுதப்போகும் விலைக்காக அத்தனை கண்களும் காத்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஆட்டுச் சந்தையும் கூடுகிறது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் அந்த நாளைத் தேர்ந்துகொண்டு, விடியற்காலையிலேயே வந்து முதலில் சந்தையைப் பார்த்துவிடுவது உத்தமம். வெயில் ஏறுமுன் அது கலைந்துவிடும்.