பி.டி.ஓ. என்றால் எந்த பி.டி.ஓ.?

ஒகேனக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடையின் நெற்றியில் பழைய தகரப் பலகை ஒன்று தொங்குகிறது. மஞ்சள் பெயிண்ட் உரிந்துபோய்விட்டது. "எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ." என்ற கறுப்பு எழுத்து மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. கடையில் இப்போது விற்பது மசாஜ் எண்ணெயும் துண்டும், அருவியில் நனைந்தவர்கள் மாற்றிக்கொள்ள அரைக்கால் சட்டையும்.

கடைக்காரரிடம் கேட்டேன்: "அண்ணா, இந்தப் பக்கம் பி.டி.ஓ. ஏதாவது வந்திருக்கா?"

"பி.டி.ஓ. ஆபீசா? அது பென்னாகரத்துல இல்ல இருக்கு சார். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை வேற. பூட்டியிருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்ட பி.டி.ஓ. வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பொது வைஃபை திட்டத்தில், டீக்கடையோ மளிகைக்கடையோ தன் வாசலில் ஒரு கருவியை மாட்டி, வருகிறவர்களுக்கு இணையம் கொடுக்கலாம். உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணம் வேண்டாம். அப்படிக் கொடுக்கும் கடைக்கு வைத்த பெயர் பப்ளிக் டேட்டா ஆபீஸ், சுருக்கமாக பி.டி.ஓ. பப்ளிக் கால் ஆபீஸ் என்ற பி.சி.ஓ.வில் 'கால்' போய் 'டேட்டா' வந்திருக்கிறது. இது தற்செயலல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் இந்த யோசனையைப் பரிந்துரைத்தபோதே மஞ்சள் பலகைக் கடைகளைத்தான் முன்மாதிரியாகக் காட்டியது. ஒரு தலைமுறைக்கு முன் தெருமுனைக்குத் தெருமுனை போன் வந்ததுபோல இணையமும் வரட்டும் என்ற ஆசை. ஆசையில் குற்றமில்லை. பெயரில்தான் கோளாறு.

அந்தக் கோளாறு பிடிபட, மஞ்சள் பலகையின் ஒவ்வொரு எழுத்தையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

எஸ்.டி.டி. என்பது சப்ஸ்கிரைபர் டிரங்க் டயலிங். ஆபரேட்டரிடம் ஊர் பெயரும் நம்பரும் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த டிரங்கால் காலத்துக்குப் பிறகு, சந்தாதாரரே நேராக எண்ணைச் சுழற்றிக்கொள்ளலாம் என்று வந்த ஏற்பாடு. இந்தியாவில் முதலில் 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. 'டிரங்க்' என்பதற்கு ஆங்கிலத்தில் அடிமரம் என்று பொருள். அடிமரத்தைக் குடைந்து செய்த பெட்டிக்கும் அதே பெயர் வந்தது. கிளைகளைத் தாங்கும் அடிமரம்போல ஊர்களை இணைத்த பெருந்தடக் கம்பிக்கும் அதே பெயர். கல்யாணச் சீராக வந்து பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியும், "டிரங்கால் வந்திருக்கு" என்று ஓடிவந்து சொன்ன சேதியும் ஒரே மரத்தில் கிளைத்த சொற்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஸ்.டி.டி. பூத்தில் எண்ணைச் சுழற்றியவர் சந்தாதாரரே இல்லை. சந்தாதாரர் வெளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். போனே இல்லாதவர்களுக்காக வந்த கடைக்குச் சந்தாதாரர் பெயர். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் யாரும் அதை விரித்துப் படிக்கவில்லை. "ஒரு எஸ்.டி.டி. போடணும்" என்றோம். போன் என்ற பொருள்கூட அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வெளியூருக்குக் காசு கொடுத்துப் பேசுவது என்ற செயல்தான் எஸ்.டி.டி.

1984இல் சாம் பித்ரோடாவின் முன்முயற்சியில் சி-டாட் நிறுவனம் தொடங்கியது. அது வடிவமைத்த, குளிர்சாதனம் இல்லாமலே ஓடும் 128 இணைப்புக் கிராம எக்ஸ்சேஞ்ச் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. வெயிலுக்கும் தூசுக்கும் அஞ்சாத இயந்திரம் வந்த பிறகுதான் போன் நகரத்தை விட்டு வெளியே கால்வைத்தது. எண்பதுகளின் கடைசியில் மஞ்சள் பலகைகள் பரவின. உடல் ஊனமுற்றோருக்குக் கடை ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்ததால், பல ஊர்களில் பூத்காரர் என்றாலே மூன்று சக்கர சைக்கிளில் வருகிறவர் என்று மனதில் பதிந்துபோனது.

உள்ளே போனவர்களுக்குத் தெரியும் அந்த நாலடிக் கண்ணாடிக் கூண்டு. கதவைச் சாத்தினால்தான் உச்சியில் இருக்கும் கையகல விசிறி சுற்றும். ரிசீவரின் வாய்ப்பக்கத்தில் முன்னே பேசியவரின் வெற்றிலை வாசனை. தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். கண் அதிலும் காது ஊரிலும் இருக்கும். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று இறங்கும் என்பதால், அம்மாவிடம் பேச வேண்டியவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஒகேனக்கல்லுக்கு வந்த பெங்களூர்க்காரர் சுழற்றியது 080. பெங்களூரில் வேலைபார்த்த தருமபுரிப் பையன் சுழற்றியது 04342. பேசி முடித்ததும் குட்டி இயந்திரம் கறகறவென்று ஒரு சீட்டைத் துப்பும். அதைக் கிழித்து நீட்டும்போது கடைக்காரர் முகத்தில் வரும் அரசாங்க உத்தியோகஸ்தக் களையைப் பார்த்தால், பி.சி.ஓ.வில் 'ஆபீஸ்' ஏன் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

ஆனால் ஆபீஸ் என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. பப்ளிக் கால் ஆபீஸ் என்பது 1880களின் இங்கிலாந்துப் பெயர். காசு கொடுத்துப் பேச ஓர் அறையைத் திறந்துவைத்தபோது அவர்கள் சூட்டியது. தமிழ்நாட்டில் ஆபீஸ் என்றால் மனுவோடு போகிற இடம். காசு போட்டுப் பேசுகிற இடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டது 'பூத்'. அதே பூத்தான் பால் பூத், அதே பூத்தான் ஓட்டுப்போடும் பூத். சின்னதாக, தனியாக, ஒரே வேலைக்காக நிற்கும் கூண்டு எதுவானாலும் பூத். நார்வே, டென்மார்க் பக்கத்துப் பழைய மொழியில் அதற்குக் குடில் என்று பொருள். குடியிருத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல் அது.

இதற்கு ஒரு பணக்கார உறவுக்காரச் சொல்லும் உண்டு: கியாஸ்க். பாரசீக அரண்மனைத் தோட்டங்களின் மண்டபத்தைக் குறித்த சொல், துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் செய்தித்தாள் கடையாகச் சுருங்கியது. லண்டனின் சிவப்பு போன் பெட்டிக்கு அஞ்சல் துறை ஆவணங்களில் கியாஸ்க் என்றுதான் பெயர். நியூயார்க் நகரம் தன் கட்டணத் தொலைபேசிகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு, 2016 முதல் லிங்க் என்ற உயரமான தூண்களை நட்டபோது அவற்றையும் கியாஸ்க் என்றே அழைத்தது. வைஃபை இலவசம், உள்நாட்டு அழைப்பும் இலவசம். செலவைத் தூணின் இருபக்கமும் ஓடும் விளம்பரம் பார்த்துக்கொள்கிறது. நகராட்சியின் கடைசிக் கட்டணத் தொலைபேசி டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் 2022 மே 23 அன்று கிரேனில் தூக்கப்பட்டது. தூக்கியதைப் படம்பிடிக்கக் கூட்டமே நின்றது. நம் ஊரில் பூத்தைத் தூக்கியபோது யாரும் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவு பழைய இரும்புக் கடைக்குப் போனது, கூண்டு ஜெராக்ஸ் மிஷினுக்கு இடமானது.

இப்போது ஊர்ப்பெயருக்கு வருகிறேன். ஒகேனக்கல் என்ற பெயரே எழுத்துகள் தேய்ந்த கதை. நீர் விழும் வேகத்தில் திவலை புகையாக எழும்பும் பாறை. கன்னடத்தில் புகை 'ஹொகெ', கல் 'கல்லு'. உகுநீர்க்கல் என்று தமிழிலேயே பிரித்துப் பொருள் சொல்பவர்களும் உண்டு. அழகான விளக்கம்தான். ஆனால் எதிர்க்கரையில் இன்றைக்கும் அடுப்புப் புகையை ஹொகெ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு சுற்றிப்போக எனக்கு மனம் வரவில்லை. புகையும் ஹொகெயும் உடன்பிறப்புகள். பழைய கன்னடத்திலும் அது 'ப'வில் தொடங்கிய சொல்தான். பத்தாம் நூற்றாண்டை ஒட்டிக் கன்னடத்தில் சொல் முதல் 'ப' கொஞ்சம் கொஞ்சமாக 'ஹ' ஆனது. பால் ஹாலு ஆனது, பத்து ஹத்து ஆனது, புலி ஹுலி ஆனது. இங்கே ஆற்றைக் கடக்க நாம் ஏறும் பரிசல்கூட அக்கரையில் ஹரிகோலு. அந்த 'ஹ'வும் தமிழ் நாக்கில் ஒட்டாமல் உதிர்ந்தபின் மிஞ்சியது ஒகேனக்கல். உதடு கூட்டிச் சொன்ன 'ப', மூச்சாகி, பிறகு மூச்சும் போய்விட்டது.

அப்படியானால் பூத் ஆயிரம் வருஷம் முந்தி வந்திருந்தால் அக்கரையில் ஹூத் ஆகியிருக்குமோ என்று பரிசலில் உட்கார்ந்தபடி கணக்குப் போட்டுச் சிரித்தேன். கரை ஏறும்போதுதான் உறைத்தது, ஆகியிருக்காது. கன்னடம் 'ஹ' ஆக்கியது புகையின் வல்லோசைப் 'ப'வை. பூத்தின் மெல்லோசைப் 'ப' வேறு எழுத்து, அதை அது தொடவில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வந்த தடுமாற்றம்.

கடைக்காரருக்கும் எனக்கும் நடுவே விழுந்ததும் அதே தடுமாற்றம்தான். பப்ளிக் டேட்டா ஆபீஸும் பி.டி.ஓ. பிளாக் டெவலப்மெண்ட் ஆபீசரும் பி.டி.ஓ. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி நாட்டை வட்டாரங்களாகப் பிரித்ததிலிருந்து, கிராமத்துத் தமிழனுக்கு பி.டி.ஓ. என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். தொகுப்பு வீடு, தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று எதற்கும் போய் நிற்கிற இடம். ஒகேனக்கல் கூத்தப்பாடி ஊராட்சியில் வருகிறது, ஊராட்சி பென்னாகரம் ஒன்றியத்தில் வருகிறது. ஆகவே அவருடைய பி.டி.ஓ. பென்னாகரத்தில்தான் இருந்தாக வேண்டும். சரி, ஆங்கில எழுத்தில் எழுதினால் குழப்பம் தீருமா? அக்கரையில் தீராது. கர்நாடகத்தில் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரு பஞ்சாயத்து டெவலப்மெண்ட் ஆபீசர் உண்டு. ஆங்கில எழுத்திலும் அச்சு அசலாக அதே மூன்றெழுத்து. காவிரியின் எந்தக் கரையில் நின்று பி.டி.ஓ. என்று சொன்னாலும் ஓர் அதிகாரிதான் திரும்பிப் பார்ப்பார். டெல்லியில் பெயர் வைத்தவர்கள் ஒருமுறை பென்னாகரம் பஸ் ஏறியிருக்கலாம்.

திட்டத்தின் பெரிய பெயர் இன்னும் சுவாரசியம். பி.எம். வாணி. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து வரவைத்த வாணி. வாணி என்றால் பேச்சு, பேச்சுக்குத் தெய்வமான சரஸ்வதி. பேசுவதற்கென்றே இருந்த கடைக்கு ஆபீஸ் என்று பெயர். வாயே திறக்காமல் விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் கடைக்கு வாணி!

பெயர் ஒட்டாததால்தான் திட்டம் ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை 2022க்குள் 1 கோடி பொது வைஃபை இடங்கள் என்று இலக்கு வைத்தது. வந்தவை சில லட்சம். சின்னக் கடைக்காரர்களிடம் விலை அதிகமான நிறுவன இணைப்பை வாங்கச் சொன்னது ஒரு காரணம். வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று டிராய் 2025 ஜூனில்தான் உச்சவரம்பு போட்டது. அதற்குள் அவரவர் பையிலேயே மலிவாக இணையம் வந்துவிட்டது.

தமிழ்நாடு வேறு வழியில் போய்ப் பார்த்தது. 2016இல் ஜெயலலிதா அறிவித்து, 2017இல் சென்னை மெரினா, சேலம் புதிய பேருந்து நிலையம் உள்ளிட்ட ஐந்து இடங்களில் திறக்கப்பட்டது அம்மா வைஃபை. முதல் 20 நிமிடம் காசில்லை, அதற்கு மேல் மணிக்கு 10 ரூபாய். மடிக்கணினிக்கு 'விலையில்லா' என்ற அடைமொழியைக் கொண்டுவந்த ஆட்சிதான் அதையும் நடத்தியது. இலவசம் என்ற சொல்லில் வாங்குகிறவரின் கை தாழ்கிறது, விலையில்லா என்றால் தாழாது என்று நினைத்திருப்பார்கள் போலும். வைஃபைக்கு அந்த அடைமொழி ஒட்டவே இல்லை. லாட்ஜ் வாசலில் தமிழ் எழுத்திலேயே 'ஃப்ரீ வைஃபை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வைஃபை என்ற சொல்லுக்கே விரிவு கிடையாது. 1999இல் ஒரு பெயர்சூட்டும் நிறுவனம் ஹைஃபைக்கு எதுகையாகச் செய்து கொடுத்தது. அருகலை என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது. கட்டுரைகளில் பார்க்கிறேன், யார் வாயிலும் கேட்டதில்லை.

மக்கள் வாயில் கேட்பது 'டவர்'. இதை மொழிபெயர்த்து யாரும் தரவில்லை, எந்த ஆபீஸும் அறிவிக்கவில்லை. மலைமேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் பெயரைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத அலைக்கு மாட்டிவிட்டார்கள். "டவர் இல்ல", "டவர் ரெண்டு பாயிண்ட்தான் காட்டுது", "டவர் எடுக்கல". ஆங்கிலேயனிடம் கோபுரத்தை எடுக்கவில்லை என்று சொன்னால் பயந்துவிடுவான். ஒகேனக்கல்லில் இந்த வாக்கியம் நிமிஷத்துக்கு ஒருமுறை காதில் விழும். பாறைப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் போன் இக்கரையையும் அக்கரையையும் மாறி மாறித் தேடிக் களைத்துப்போகிறது. மீன் வறுக்கும் அக்காவின் தட்டியில் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஸ்கேன் செய்தவர்கள் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், வாழையிலையில் மீன் ஆறிக்கொண்டிருக்கிறது. "விடு தம்பி, என் போன்லருந்து நெட்டு போட்டு விடறேன்" என்று எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவரே ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டார். டெல்லிக் கணக்கில் வராத பி.டி.ஓ.

என் பணமும் போகவில்லை. பரிசல்காரரிடம் கையில் காசாக இல்லை, போனில்தான் தர வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை அவரிடம் காட்டினேன். அவருக்கு நாற்பது வயதிருக்கும். துடுப்பைக் கரையில் ஊன்றிவிட்டு மேலே ஒரு பாறையைக் காட்டினார்.

"அங்க ஏறி நின்னீங்கன்னா எடுக்கும் சார். எல்லாரும் அங்கதான் போவாங்க. அதான் எங்க பூத்து."