இப்பொழுது ஒலிப்பது எந்த இசைத்தட்டு?

ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்ட இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த கையோடு கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "இப்பொழுது என்ன தட்டு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" கர்நாடக இசை அன்பர்கள் நேற்றைய கச்சேரியைப் பற்றிப் பேசுவர். ஜாஸ் அன்பர்களோ இசைத்தட்டைப் பற்றிப் பேசுவர். இவ்வழக்கத்திற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் சென்னைக்கும், வியப்பாகத் தோன்றினாலும், நம் திருச்சபைக்கும் இடமுண்டு என்பதால் அதை இங்கே நினைவுகூர விழைகிறோம்.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அடிமைத்தளையின் நினைவும் கோயில் பாடல்களும் கலந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது. எழுதி வைத்த சுரத்தை வாசிப்பதைவிட, அந்த நேரத்தில் மனத்தில் எழுவதை வாசிப்பதே அதன் உயிர். நம்மவர் 'மனோதர்மம்' என்று சொல்வதற்கு மிக அருகில் வருவது. ஒருமுறை வாசித்ததை மறுமுறை அப்படியே வாசிக்க மாட்டார்கள். ஆகவே அந்த ஒருமுறையைப் பிடித்து வைத்த தட்டு அவர்களுக்குப் பெருஞ்செல்வமாயிற்று. அக்காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இசை. தட்டு செய்யப் பயன்பட்ட அரக்கோ பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்து சென்றது. கறுப்பின மக்களின் இசை இந்தியக் காட்டின் அரக்கில் பதிந்துதான் உலகைச் சுற்றி வந்தது எனலாம்.

தட்டின் விலை அதிகம். ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் கூடிக் கேட்டனர். 1932இல் பாரிஸில் 'ஹாட் கிளப்', 1933இல் லண்டனில் 'ரிதம் கிளப்' என்று கேட்போர் சங்கங்களே தோன்றின. ஒவ்வொருவரும் தம் தட்டைக் கொணர்ந்து, இன்னார் வாசித்தது, இன்ன இடத்தைக் கவனியுங்கள் என்று கூறிச் சுழல விடுவர். சோவியத் நாட்டில் இவ்விசைக்குத் தடை இருந்த ஆண்டுகளில், மருத்துவமனைகள் கழித்துப் போட்ட எக்ஸ்ரே படங்களில் திருட்டுத்தனமாக இசையைப் பதித்துக் கைமாற்றினர். விலா எலும்பும் மண்டையோடும் தெரியும் அந்தப் படங்களுக்கு 'எலும்பு இசை' என்றே பெயர் வழங்கிற்று. சிறைக்கஞ்சாமல் ஒரு பாட்டைப் பகிர்ந்துகொண்டவர்களை வெறும் பொழுதுபோக்கினர் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

நம் நாட்டில் இதன் வாயில் பம்பாயும் கல்கத்தாவும். 1930களில் கறுப்பின இசைஞர்கள் பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசிக்க வந்தனர். அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கத் தகுதி பெற்றிருந்தவர்களில் பெரும்பாலோர் கோவா கத்தோலிக்கர். கோவாவின் பங்குப் பள்ளிகளில் சிறுவர்கள் சுரம் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றனர். நோக்கம், ஞாயிறு திருப்பலிக்குப் பாடகர் குழு. அந்த விரல்களே பின்பு நடன அரங்கிலும், பகலில் இந்தித் திரைப்பட ஒலிக்கூடங்களிலும் பிழைத்தன. 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' எனப் பெயர் பெற்ற சிக் சாக்லேட்டின் இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ்.

நம் பக்கத்தில் இவ்விசை வாழ்ந்த இடம் இருப்புப்பாதை ஓரம். பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் இருந்த ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் மிகுதி, கத்தோலிக்கர் பலர். ரயில்வே இன்ஸ்டிட்யூட் மண்டபங்களில் சனிக்கிழமை நடனம், மறுநாள் காலை திருப்பலி என்று வாழ்ந்தவர்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான தட்டுகள் சென்னைக்கு ரயிலில் வந்திருந்தால், கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அன்று அது வயலும் ஏரியுமான சிற்றூர். சிப்காட் புகைபோக்கிகள் பிற்காலத்தவை. 1947க்குப் பின் அக்குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டன. பழந்தட்டு தேடியவர்களுக்குப் புகலிடமாயிருந்த மூர் மார்க்கெட்டும் 1985இல் தீக்கிரையாயிற்று.

தட்டு வாங்க இயலாதவர்க்கு வானொலி இருந்தது. 1955 முதல் 'அமெரிக்காவின் குரல்' சிற்றலையில் வில்லிஸ் கோனோவர் என்பவர் நிறுத்தி நிதானமாகப் பேசும் ஆங்கிலத்தில் ஜாஸ் தட்டுகளை அறிமுகப்படுத்தினார். உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டனர். சட்டத்தடையால் அவர் நாட்டில் மட்டும் அந்த ஒலிபரப்பு இல்லை. இதில் பனிப்போர் அரசியலும் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்? கறுப்பின மக்களுக்கு உள்நாட்டில் சம உரிமை மறுத்த அரசு, அவர்களுடைய இசையையே வெளிநாட்டில் தன் நற்சான்றாகக் காட்டியது.

அந்த அரசு அனுப்பிய குழுக்களுள் ஒன்று 1958இல் சென்னைக்கு வந்தது. பியானோ இசைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு அது. மூவர் வெள்ளையர், பாஸ் வாத்தியம் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். இங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை அவர்கள் சந்தித்தனர். இடக்கையால் வாசித்த அப்பெருமகனார் லயத்தில் கணக்குப் போடும் வேகத்தைக் கண்டு டிரம்ஸ் வாசிக்கும் ஜோ மொரெல்லோ வியந்தார். இருவரும் சேர்ந்து வாசித்தனர். மொழி வேண்டியிருக்கவில்லை.

நாம் இப்பொழுது திரும்பத் திரும்பக் கேட்கும் தட்டுகளில் முதலாவது, மறு ஆண்டு 1959இல் அக்குழு வெளியிட்ட 'டைம் அவுட்'. அதிலுள்ள 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. அமெரிக்க ரசிகர்களுக்கு அது புதுமை; நமக்கோ கண்டசாபு கைவந்தது. நாம் இரண்டும் மூன்றுமாகப் பிரிப்பதை அவர்கள் மூன்றும் இரண்டுமாகப் பிரித்தனர், அவ்வளவே. தொடையில் தட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். 1960இல் அமெரிக்கத் தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் ரைட்டை நீக்கி வெள்ளையர் ஒருவரை அமர்த்தக் கோரியபோது புரூபெக் மறுத்தார். இசைப் பயணத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ரத்தாயின. இழந்த பணம் சிறிதன்று.

இவரே பின்னாளில் ஒரு கத்தோலிக்க இதழின் வேண்டுகோளுக்கிணங்கத் திருப்பலிக்கு இசையமைத்தார். முடிந்த பின், 'விண்ணகத் தந்தையே' செபம் எங்கே என்று குருவானவர் ஒருவர் கேட்டார். அதை அமைக்கச் சொல்லி யாரும் தம்மிடம் கூறவில்லை என்று புரூபெக் முதலில் மறுத்துவிட்டார். ஆனால் அச்செபம் முழு இசையோடு அவர் கனவில் வந்தது, எழுந்து எழுதிக்கொண்டார். 1980இல் திருச்சபையில் சேர்ந்தார். தாம் மதம் மாறியவர் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டார். அதற்கு முன் எதிலும் இருந்ததில்லையே என்பார். 1987இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சான்பிரான்சிஸ்கோ வந்தபோது வரவேற்பு இசை அமைத்தவரும் இவரே. 2012இல் மறைந்தார்.

இரண்டாவது தட்டு மேரி லூ வில்லியம்ஸ் அம்மையாருடையது. புகழின் உச்சியிலிருந்த பியானோ கலைஞர், 1954இல் பாரிஸில் ஓரிரவு மேடையைவிட்டு இறங்கி நடந்தார். சில ஆண்டுகள் செபமும் ஏழை இசைஞர்களைப் பேணுதலுமே வாழ்வாயிற்று. 1957இல் நியூயார்க்கில் கத்தோலிக்கரானார். இசையைத் துறந்துவிட எண்ணிய அவரை, இசையையே செபமாக்குமாறு குருக்கள் திருப்பியனுப்பினர். 1962இல் கலப்பினத் துறவி மார்ட்டின் தெ போரஸ் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அப்புனிதருக்கு அவர் இயற்றிய பாடலே 'ஆண்டிஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து' தட்டின் முதற்பாடல். 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவருடைய திருப்பலி இசை ஒலித்தது.

1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோயிலில் பியானோவையும் முரசு போன்ற ஓசைக் கருவிகளையும் விலக்கி ஆணையிட்டிருந்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு இடமளித்தது. நம் கோயிலுக்குள் மிருதங்கமும் தவிலும் நுழைந்த அதே வாயில் வழியாகத்தான் அம்மையாரின் பியானோவும் நுழைந்தது. பறையை மட்டும் இன்றும் வாசலில் நிறுத்தும் பங்குகள் உண்டா என்பதை அவரவர் பங்கில் பார்த்துக்கொள்க.

மூன்றாவது, ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9 அன்று ஒரே அமர்வில் பதிவானது. போதைக்கு அடிமையாயிருந்தவர் அவர். 1957இல் இறையருளால் ஆன்மிக விழிப்புப் பெற்றதாகத் தட்டின் உறையில் அவரே எழுதியுள்ளார். கடைசிப் பகுதியில் தாம் இயற்றிய செபத்தைச் சொல்லுக்குச் சொல் சாக்ஸபோனில் 'ஓதுகிறார்'. கூட்டத்தில் போட்டுக் கேட்கத் தக்க தட்டன்று. தனித்திருந்து கேட்க வேண்டும்.

இன்று தட்டுக்காக யாரும் கூட வேண்டியதில்லை. இரவு ஷிப்டு முடித்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்ரயில் ஏறும் தொழிலாளர்களைப் பாருங்கள். பீகார், ஒடிசா இளைஞர்களும் நம் பிள்ளைகளும் அருகருகே நிற்கின்றனர். ஒவ்வொருவர் காதிலும் இயர்போன். உலகத்து இசையெல்லாம் கைப்பேசிக்குள். பக்கத்தில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்பது மட்டும் தெரியாது. கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றித் தந்துவிடுகிறார்கள். போஜ்புரிப் பாட்டு ஒன்றையாவது நாம் அப்படித்தான் அறிந்துகொண்டோம்.

அடுத்த மாதத்துக்கு 1976இல் வெளிவந்த 'சக்தி' தட்டை எடுத்து வைத்திருக்கிறோம். ஜான் மெக்லாலினின் கித்தாரும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்தது. உங்கள் இல்லத்தில் இப்பொழுது எது ஒலிக்கிறது? எழுதுங்கள்.